தொண்ணூறு சதவீதம்

சேரிங்கிராஸில் நேற்று வாங்கிய பலூன்கள்
ஊட்டிக் குளிரில் சூம்பிக் கிடக்கின்றன.
கண்காட்சி நாளைக்கு.
வேதியியல் மூன்றாமாண்டு சுசித்ரா போஜன்
மறுபடி ஊதுகிறாள், கன்னம் கன்றிப்போக.
சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று,
வாயோடு வாய் சேர்த்து முடிந்து
எக்ஸ் அச்சில் நிறுத்துகிறாள்:
"இதுதான் பி ஆர்பிட்டல்."

நான் இயற்பியல்.
டீக்கடைப் பொட்டலத்தைப் பிரித்து
உளுந்து வடையின் ஓட்டை வழியாக
அவளைப் பார்த்தேன்.
"எங்கள் பக்கத்துப் பி இப்படி இருக்கும்."

அவளுக்குக் கோபம்.
பலூனுக்குத் திசை உண்டு, பிணைப்புக்குக் கை நீட்டும்;
உன் வடை யாரோடு கைகுலுக்கும்?
எனக்கும்தான்.
காந்தத்துக்கு நடுவில் வைத்துப் பார்,
உன் பலூன் நின்ற இடத்தில் நிற்கிறதா என்று.

எண்ணெய் ஊறிய அதே தாளில் எழுதினோம்.
இடம் சுற்றும் வடை ஒன்று, வலம் சுற்றும் வடை ஒன்று:
கூட்டினால் அவள் பலூன்.
கழித்துக் கற்பனை எண்ணால் வகுத்தால்
ஒய் அச்சில் இன்னொரு பலூன்.
ரூட் இரண்டை யார் விட்டது என்று
பத்து நிமிடம் சண்டை, அது தனி.

இரண்டும் ஒன்றுதான் என்று ஆனபோது
இருவருக்குமே கொஞ்சம் சப்பென்றிருந்தது.

முடிச்சைத் தொட்டுக் கேட்டேன்:
இந்தக் கணுவில் அது இருக்கவே இருக்காது.
பிறகு சிவப்பிலிருந்து நீலத்துக்கு
எப்படிப் போகிறது?
"போகிறது என்று யார் சொன்னது?"
நூலை இன்னும் இறுக்கினாள்.

வெளியே மூடுபனி.
அதைக் காட்டி எலக்ட்ரான் மேகம் என்று
வருஷாவருஷம் யாராவது சொல்லிவிடுவார்கள்.
பனியில் துளிகள் இருக்கின்றன, கோடிக்கணக்கில்.
இங்கே இருப்பது ஒன்றே ஒன்று;
அதுவும் தேடிப்போனால்தான் புள்ளி.

அட்டையில் எழுதுகிறாள்:
'இந்தத் தோலுக்குள் அகப்பட வாய்ப்பு
தொண்ணூறு சதவீதம்.'
நூறென்று போட்டால் என்ன?
"அந்த பலூனை ஊத
வானம் பத்தாதுடி."

கம்பத்திலிருந்து அம்மா, போனில்.
"எங்கே இருக்கே?"
"ஹாஸ்டல்லதாம்மா."
மணி எட்டேகால். ஆய்வகத்துச் சாவி
என் ஸ்வெட்டர் பையில்.

போனை வைத்துத் திரும்பினால்
தாளில் எண்ணெய் வட்டம் மட்டும் இருக்கிறது.
வடை எங்கே என்றேன்.
சுசித்ரா வாயைத் துடைத்துக்கொண்டு
அடுத்த பலூனை எடுத்தாள்.