ஆம்பாடி அரசாணைகள்

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு
என்று வேலூரைக் கேலி பேசுவார்கள்.
ஆற்றுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.
ராஜா குறையைத் தீர்த்துவைத்தோம், சீலா,
விருதம்பட்டு வாடகை வீட்டின் பின்னறையில்
நீயும் நானும்.

உன் அப்பாவும் என் அம்மாவும்
ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட அதே வாரம்.
உனக்கு ஒன்பது வயது. காட்பாடி உன்னுடையது:
ஜங்ஷன், கூட்ஸ் வண்டிகள், சுவர் அதிரும் ராத்திரிகள்.
எனக்குப் பதினொன்று. நான் கொண்டுவந்தது ஆம்பூர்,
தோல் வாடையோடு ஒரு டிரங்குப் பெட்டியில்.
பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே சாக்பீஸ் கோடு.
மூன்று நாள் போர்.
காரணம், மேஜை விசிறி.

நான்காம் நாள் கரண்ட் போனது.
விசிறியே சுற்றாதபோது எல்லை எதற்கு?
மொட்டைமாடியில் உடன்படிக்கை.
காட்பூர் என்றாய்.
ஆம்பாடி என்றேன்.
சுண்டிய காசு என் பக்கம் விழுந்தது.
(இப்போது சொல்கிறேன்: விழவில்லை. இருட்டு.)

அம்மா கம்பெனியிலிருந்து எடுத்துவரும்
வட்டத் தோல் துணுக்குகள்தாம் நாணயம்.
பேனாவால் இரண்டு தலை.
இருவருமே இடப்பக்கம்தான் பார்ப்போம் என்று அடம்பிடித்ததில்
உன் மூக்கு என் பின்னலுக்குள் புதைந்துபோனது.
குடிமக்கள் இருவர். ஹாலில் டிவி பார்ப்பார்கள்.
வரி: ஞாயிற்றுக்கிழமை பரோட்டா.
முதல் அரசாணை:
'கூடப் பிறந்ததா?' என்று கேட்பவர்
நாட்டுக்குள் நுழையக் கூடாது.
பால்காரர் கேட்டார்.
பால் தேவைப்பட்டதால் விட்டுவிட்டோம்.

அக்கினி நட்சத்திரத்தில் ஓர் இரவு
குடிமக்கள் சண்டையிட்டார்கள்.
எதற்கென்று
அரசர்களிடம் யாரும் சொல்லவில்லை.
விடிவதற்குள் பாலம் தாண்டியிருந்தேன்,
ஆம்பூர் பஸ்ஸில்
அம்மாவின் காலடியில் அதே டிரங்குப் பெட்டி.
நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றுதான் நினைத்தேன்.

பதினாறு நாள்.
திரும்பி வந்ததும் அம்மா நேரே சமையலறைக்குப் போனாள்,
உன் அப்பா வெங்காயம் உரித்துக் கொடுத்தார்,
அவர்கள் சமாதானம் அவ்வளவுதான்.
நீ ஒன்றும் பேசாமல் நோட்டை நீட்டினாய்.
நான் இல்லாத நாட்களிலும் நாட்டில் ஆணைகள் பிறந்திருந்தன.
விசிறி அரசியின் பக்கமே திரும்பியிருக்கும்.
அரசியின் பரோட்டாவை யாரும் தொடக்கூடாது.
(காய்ந்துபோனதால் காக்காய்க்கு.)
ஒவ்வொன்றின் கீழும் இரண்டு கையெழுத்து:
குணசீலன்.
தேமொளி.

பதினாறு இடத்திலும் தேமொளி.
சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தேன்,
மூடினேன்.

அடுத்த ஆணையில் நானும்
அப்படியே போட்டேன்.