பிணைக் கையெழுத்து

திருகோணமலையில் மான்கள் கடதாசி தின்னும்.
பஸ் நிலையத்துக் குப்பைத்தொட்டிக்குள்
கழுத்துவரை புதைந்து
லொத்தர் சீட்டு, லஞ்ச் சீட், யாரோ கசக்கிய மனு
எல்லாவற்றையும் ஒரே நிதானத்தில் மென்று
நிமிர்ந்து என்னைப் பார்க்கும்.
நீரோடைக்கு ஏங்கும் மானைப் பாடியவர்
இந்த மானைக் கண்டதில்லை.
வங்கியிலிருந்து வந்த கடிதத்தை
ஒன்றுக்கு நீட்டிப் பார்த்தேன்.
மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

டிலோஜினி இப்போது டோஹாவில்.
ஆஸ்பத்திரி ஆவண அறையில்
ஒன்பது வருடம் பக்கத்து மேசை.
என் சோற்றுப் பெட்டியில் அவள் கை,
அவள் குடைக்குள் என் தலை,
கடன் பத்திரத்தில் அவள் பெயருக்குக் கீழே
வாசித்தும் பாராமல் என் பெயர்.
மாதம் பன்னிரண்டாயிரத்து நானூறு
என் சம்பளத்தில் வெட்டுகிறார்கள்.
இன்னும் முப்பத்தொரு மாதம்.
வாட்ஸ்அப் படத்தில்
ஒட்டகத்தின் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள்.
அழகாகத்தான் இருக்கிறாள்.

எம்.பி.யின் காரியாலயத்தில் இரண்டு நாள் காத்திருந்தேன்.
"பாக்கிறம் அக்கா" என்றான் பெடியன்.
பார்த்துக்கொண்டேதான் இருந்தான், தன் போனை.

மெதடிஸ்த கோவிலின் கடைசி வாங்கில்
சங்கீதத்தைத் திறந்தால்
பிரபுக்களைப் பற்றிய எச்சரிக்கை எனக்குச் சுலபம்.
எனக்குப் பிரபுக்களோடு பழக்கமில்லை.
அடுத்த சொல்லில்தான் இடறுவேன்:
மனுபுத்திரன்.
அதற்குள் டிலோஜினி இருக்கிறாள்.
அவளுடைய பூப்போட்ட குடை இருக்கிறது.

தாவீதுக்கும் ஒரு பக்கத்து மேசை இருந்திருக்கிறது.
தன் அப்பத்தைத் தின்றவனைச் சொல்லிப் புலம்புகிறார்.
அவரோடு சேர்ந்து நானும் புலம்பினேன்,
நாலு வெள்ளிக்கிழமை.
ஐந்தாவதில் உரியா நினைவுக்கு வந்தான்.
இவரை நம்பிப் போர்முனைக்குத் திரும்பியவன்,
தன் சாவை எழுதிய கடிதத்தைத்
தானே சுமந்து.
புத்தகத்தை மூடிவிட்டேன்.

மூடினாலும்,
சுனாமிக்குப் பின் உப்புவெளி முகாமில்
என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த சிறுமி.
"நாளைக்கு வருவன்" என்று விரல்களைப் பிரித்தேன்.
போகவில்லை.
மறுநாள் காய்ச்சலுமில்லை, மழையுமில்லை.
அவளுக்கு இப்போது இருபத்தைந்து வயதிருக்கும்.
நம்பாதே என்ற அந்த வசனத்தில்
நானும் ஒரு சொல்.

நேற்று டச்சு வளைகுடாவில்
ஒன்றோடொன்று பிணைத்த இரண்டு வள்ளங்கள்
சேர்ந்தே விலகிப் போயின.
கயிற்றில் பழுதில்லை.
முடிச்சும் நல்ல முடிச்சு.
கரையில் நின்று கூப்பிட்டவர்களுக்கு
என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.
இந்தத் துறைமுகத்தின் ஆழத்தைப் பள்ளியில் பாடமாக்கினோம்.
அடியைத் தொட எவ்வளவு கயிறு வேண்டுமென்று
ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

இன்று பஸ்மியா வந்தாள்,
கிண்ணியாவிலிருந்து வரும் வார்ட் உதவியாள்.
மடித்து மடித்து வெளுத்துப்போன படிவம்.
வீட்டுக்குக் கூரை போட.
"ரெண்டாவது ஆள் கிடைக்கல்ல மிஸ். நான் கட்டிருவன்."
கட்டமாட்டாள் என்றே வைத்துக் கணக்குப் பார்த்தேன்:
அரிசி, கரண்ட் பில், மகனின் டியூஷன்.
மூன்று பக்கத்தையும் வாசித்தேன்,
சின்ன எழுத்துகளையும்.
அவள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றாள்.

போனமுறை டிலோஜினி மேல் சாய்ந்துகொண்டு எழுதினேன்.
இந்த முறை சாய்ந்தது எதன் மேல் என்று
பஸ்மியாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.
கை நடுங்கவில்லை என்றால் பொய்.
என் பெயரின் கடைசி எழுத்து
கோட்டைத் தாண்டிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே
இறுக்கி மூடாத குழாயடியில்
ஒரு மான்
சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தது.
அவசரமே இல்லை அதற்கு.