ஐந்து வரி இடம்

மாங்குளத்தில் தாய்.
ஒரே அறை, நீல நுளம்பு வலை,
சுவரில் பள்ளிக்கூட நேரசூசி.
தைத்தபடியே பேசினாள்;
ஊசி இரண்டுதரம் முறிந்தது.

முள்ளியவளையில் தகப்பன்.
கிணறு, உழவு இயந்திரம்,
இன்னும் உறை பிரிக்காத சின்னச் சைக்கிள்.
சமையல் யாரென்று கேட்டேன்.
பழகிவிடுவேன் என்றார்
பானையைப் பார்த்துக்கொண்டு.

நிதுர்சிகாவிடம்
யாரோடு இருக்க விருப்பம் என்று
நான் கேட்கவில்லை.
அந்தக் கேள்வி ஒரு பிள்ளைக்குப் பாரம்.
உன்ர புத்தகப்பை எங்க இருந்தால் நல்லம்,
அவ்வளவுதான்.

"பஸ்ஸில.
ஒட்டுசுட்டான்ல பத்து நிமிசம் நிக்கும்.
அதுக்குள்ள ரெண்டுபேரும் ஏறலாம்தானே?"

'பிள்ளையின் நலன்' என்ற தலைப்பின் கீழ்
நீதிமன்றப் படிவத்தில் ஐந்து வரி இடம்.
நான்கை நிரப்பிவிட்டேன்.
தவணை செவ்வாய்க்கிழமை.