எட்டிய பழம்

எல்லை அளக்க என்னை அனுப்பியிருந்தார்கள்,
ஒரு நாடா, ஒரு முக்காலி,
நாற்பது பக்கக் கோப்புடன்.
செப்டம்பர் கடைசி. ஆவெர்சாவுக்குத் தெற்கே
இரண்டு வயல்கள், நடுவே ஒரு சுவர்.
கல்லில்லை, சுண்ணாம்பில்லை:
வரிசையாய் நின்ற பாப்லார் மரங்கள்,
மரத்துக்கு மரம் தாவி
பனை உயரம் போய்விட்ட திராட்சை.

அஸ்பிரீனியோ என்று பெயர்.
தலைவலி மாத்திரைக்குத் தம்பி போல ஒலிக்கும்.
உறவில்லை. பெயருக்குள் இருப்பது புளிப்பு.

கிழக்கு வயல் எர்சீலியாவுக்கு.
மேற்கு வயல் எல்பீதியோவுக்கு.
பதினோரு வருடமாய்ப் பேச்சில்லை.
ஒரு வாய்க்கால் மடை, ஓர் எருமை, ஒரு கெட்ட வார்த்தை;
எல்லாம் கோப்பில் இருக்கிறது,
வார்த்தை மட்டும் புள்ளிகளாக.

கொடி யாருடையது? அதுதான் வழக்கு.
குனிந்து பார்த்தேன்.
என் தொடைப் பருமன் அடிமரம்
எல்லைக்கோட்டின் மேல் காலை அகட்டி நின்றது,
இரு பக்கமும் சம்மதம் என்பதுபோல,
அல்லது இரு பக்கமும் எனக்கென்ன என்பதுபோல.

அன்றைக்கே அறுவடை, இருவருக்கும்.
இன்னும் நாலு நாள் விட்டால் இனிப்பு ஏறிவிடும்.
பகைக்காகப் பழம் காத்திருக்காது.

ஏணிகள் ஒல்லி, ஒரு பாதம் வைக்கத்தான் அகலம்.
முழங்காலைப் படியில் கொளுவிக்கொண்டு
இரண்டு கையையும் விட்டுப் பறிக்கிறார்கள்.
கூம்புக் கூடை கயிற்றில் இறங்கி
மூக்கால் மண்ணைக் குத்தி
ஆளில்லாமலே நிற்கிறது.

கீழிருந்து எனக்கு இலைதான் தெரிந்தது.
கிழக்கில் ஒரு பூட்ஸ், மேற்கில் ஒரு பூட்ஸ்.
பிறகு ஏதோ மின்னி விழுந்தது:
எல்பீதியோவின் கத்தி,
எர்சீலியாவின் மண்ணில்.

நான் தொடவில்லை. சான்றுப் பொருளாகிவிடுமோ என்று பயம்.

மேலே நெடுநேரம் ஒன்றுமில்லை.
நேப்பிள்ஸ் ரயில் ஒன்று போனது.
பிறகு அவள் குரல், துரு உதிர:
"இந்தா, என்னுடையதைப் பிடி.
கைப்பிடிப் பக்கமாய் நீட்டுகிறேன்."

கைப்பிடிப் பக்கமாய்.
நாற்பது பக்கத்திலும் நான் படிக்காத சொல்.

அவள் இறங்கினாள். அவன் கத்தியை எடுத்து
கால்சட்டையில் மண்ணைத் துடைத்து
இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி ஏறினாள்.
என்னைப் பார்க்கவேயில்லை.

சமாதானம் என்று எழுதிவிடாதீர்கள்.
மதியம் அவரவர் நிழலில் அவரவர் சாப்பாடு.
போன வருடத்து ஒயினை எனக்குத் தனித்தனியாய்க் கொண்டுவந்தார்கள்,
அவள் ஒரு தம்ளரில், அவன் ஒரு ஜாம் சீசாவில்,
நிலத்தடிக் குகையின் குளிரோடு.
பல் கூசியது.
தாடைக்குள் எங்கோ ஓர் ஊற்று திறந்துகொண்டது.
எருமைப்பால் சீஸ் ஒரு துண்டு தின்று மீண்டும் குடித்தால்
வாய் முழுக்க
விடியலில் தண்ணீர் தெளித்த வாசல்.
எது யாருடையது என்று
நாக்கால் அளக்க முடியவில்லை.

எட்டாத பழம் புளிக்கும் என்பார்கள்.
எட்டியவர்களுக்கும் புளிக்கிறது இது.
அந்தப் புளிப்புக்காகத்தான் ஏறுகிறார்கள்.

அறிக்கையில் எழுதினேன்.
நீளம்: நூற்றுப் பதினெட்டு மீட்டர்.
உயரம்: பதினான்கு.
எல்லை: தரையில் உண்டு;
முப்பதாம் படிக்கு மேல் காணப்படவில்லை.

நீதிபதி சிவப்பு மையில் திருப்பி அனுப்பினார்,
மறுபடி அளக்கச் சொல்லி.
தேதி கேட்டிருக்கிறேன்,
அடுத்த செப்டம்பரில்.