இரும்புப் பல்

சிலிஸ்திராவில் தொண்ணூறு லேவாவுக்கு
ஒரு பழைய பிராவெட்ஸ் கணினியை விற்றார் கென்சோ.
"ஓடாது" என்றார், நேர்மையானவர்.
மின்கம்பியை மட்டும் உருவிக்கொண்டார்,
இறைச்சி சுடும் அடுப்புக்கு வேண்டுமாம்.

தன்யூப் கரையோரமாய் ரூசே வரை
முன்சீட்டில் பட்டை மாட்டிக் கூட்டிவந்தேன்.
வளைவுகளில் உள்ளே ஏதோ கிலுகிலுத்தது.
கழன்ற திருகாணி என்று நினைத்தேன்.

என் தொழில் பல் செய்வது.
ஆளைப் பார்ப்பதில்லை. அச்சு வரும்,
யாரோ ஒருவரின் மேல்தாடை
வியாழனுக்குள் வேண்டும் என்று சீட்டு வரும்.
ஆகவே விசைப்பலகையைப் பார்த்ததும் தோன்றியது:
நாற்பது வருஷம் புகைபிடித்த வாய்.
பழுப்பேறி, வரிசை பிசகி,
நடுவே ஓர் ஓட்டை.

முதல் இரவு பொறுமையில்லாமல்
மின்சாரம் கொடுத்துவிட்டேன்.
பட்டென்று ஒரு சத்தம். வெண்புகை.
அடுத்த வீட்டு ஸ்னெஜான்கா
மீன் கருகுகிறது என்று சுவரைத் தட்டினாள்.
மின்தேக்கி ஒன்று வயிறு கிழிந்து
வெள்ளித்தாள் சுருளாய்க் கிடந்தது.

பிறகு ஒழுங்காக.
பற்காரை சுரண்டும் அதே கொக்கி,
அதே உருப்பெருக்கி, அதே விளக்கு.
பச்சை பூத்த கால்களை ஒவ்வொன்றாய்த் துலக்கினேன்.
நினைவகச் சில்லுகள் இருபத்து நாலு.
காய்ச்சல் பார்ப்பதுபோல
ஒவ்வொன்றின் முதுகிலும் ஈரவிரல் வைத்தேன்.
பத்தொன்பதாவது சுட்டது.
மாற்றுச் சில்லு, கடற்கரை விடுதி ஒன்றில்
செத்துப்போன சூதாட்ட எந்திரத்தின் உடம்பிலிருந்து
தீப்பெட்டிக்குள் பயணம் செய்து
தபாலில் வந்தது.

விசைகளைக் கழற்றியபோதுதான்
கிலுகிலுத்தது கையில் விழுந்தது.
திருகாணி அல்ல. பால்பல்.
மேல் நடு வெட்டுப்பல், இடப்பக்கம்.
வேர் கரைந்து தானாய் விழுந்தது.
ஆறு வயது. ஏழு இருக்கலாம்.

கென்சோவுக்குப் போன் போட்டேன்.
"மூடிப்போன பள்ளிக்கூடத்துச் சாமான்" என்றார்.
உள்ளே பல் இருந்தது என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
"அதற்கும் சேர்த்துத்தான் தொண்ணூறு."

எங்கள் பக்கம் பல் விழுந்தால்
கூரைமேல் எறிந்து காக்கையிடம் கேட்போம்:
எலும்புப் பல்லை எடுத்துக்கொள்,
இரும்புப் பல் ஒன்று தா.
அந்தப் பிள்ளைக்குக் கூரை எட்டவில்லையோ,
காக்கைமேல் நம்பிக்கை இல்லையோ,
இடைவேளையில் எவரும் பாராமல்
ஓட்டை வழியே உள்ளே போட்டிருக்கிறது.
ஒவ்வொரு சில்லுக்கும் பதினாறு பல் என்று
அதற்கு யார் சொன்னது?

காணாமல்போன விசை எதுவென்று
அப்போதுதான் கவனித்தேன்.
எங்கள் மொழியில் பல்லுக்கு மூன்றே எழுத்து.
முன்னும் பின்னும் மெய்.
நடுவில் நிற்கும் உயிர்,
அது.

பல் வார்க்கும் பிசினிலேயே வார்த்தேன்.
நிறப்பட்டியலை மற்ற விசைகளின் அருகே பிடித்து
ஏ மூன்றரை என்று குறித்துக்கொண்டேன்.
எல்லாவற்றையும் வெளுக்கலாமென்று
பெராக்சைடு புட்டியைத் திறந்தேன்,
மூடினேன்.
சோம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு இரவு திரையில் வந்தது
ஓர் அடைப்புக்குறி. மூடும் குறி.
திறந்த குறி எங்கும் இல்லை.
பக்கத்தில் ஒரு வெளிச்சச் சதுரம்
விட்டு விட்டுத் துடித்தது.

மூன்றெழுத்தை அடித்தேன்.
நடுவிசை கொஞ்சம் இறுக்கம்.
புதுப்பல் எதுவும் அப்படித்தான்,
பழக இரண்டு வாரம் ஆகும்.
எந்திரம் படித்துப் பார்த்துவிட்டுப்
பிழை என்றது, ஒரு தரம் கூவி.
மறுபடி அடித்தேன். மறுபடி பிழை.
பொழுது விடியும்வரை இருவரும்
இதையே பேசிக்கொண்டிருந்தோம்.

மேல்மூடியைத் திருகும்முன்
பால்பல்லை இருந்த இடத்திலேயே போட்டேன்.
பசை வைக்கவில்லை.
கிலுகிலுக்கட்டும்.