காத்துக்குக் காசில்லை

"அரைக் கிலோ. சொக்லேட். காத்தில்லாமல் வேணும்"
என்றாள் சுகிர்தமலர்.
மல்லாவிச் சந்தையில் செத்தல் மிளகாய் நிறுக்கிற விரல்
கண்ணாடிப் பெட்டிக்குள் நுழைந்து
மாதிரிக் கேக்கை ஒருதரம் அமத்தியது.
குழிந்தது. பிறகு வெட்கமில்லாமல் எழும்பியது.

"பாத்தியே, ஊதிப்போய்க் கிடக்கு.
ஐம்பத்திரண்டு கிழமை வட்டி கட்டினனான்.
இனிக் காத்துக்குக் காசு குடுக்கமாட்டன்."

மேலே என்ன பெயர் எழுத?
"பேரொண்டும் வேண்டாம்.
கடன் முடிஞ்சுது எண்டு எழுது."

காத்தில்லாத கேக் எனக்குத் தெரியும்.
தொண்ணூற்றாறில் தாண்டிக்குளத்தில்
ஆஸ்பத்திரி லொறி ஓட்டிய மரியநேசன் அத்தானின் பையில்
ஒரு கொக்கோத் தகரம்.
காவலில் நின்றவன் மூடி திறந்து
மண்ணிறத் தூளில் விரல் தொட்டு நாக்கில் வைத்தான்.
முகம் கோணியது. துப்பினான்.
மருந்தோ என்று கேட்டான்.
ஓம், வயித்துக்கு, என்றார் அத்தான்.
அது பொய்யுமில்லை.

அன்றைக்கு அப்பச்சோடா இல்லை, மாஜரின் இல்லை,
மா இரண்டு சுண்டு.
பிஸ்கற் தகரத்தை மணல் போட்ட சட்டிக்குள் இறக்கி
மேலும் கீழும் சிரட்டைத் தணல்.
எழும்பவேயில்லை.
செங்கட்டி என்று சிரித்தவர்கள்
தகரத்தின் மூலையைக் கரண்டியால் சுரண்டினார்கள்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டுதான்
சொக்லேட்டை நொறுக்கினேன்.
அவள் போகாமல் வாங்கிலில் இருந்தாள்.
அதற்கு முதல்? என்றாள்.

அதற்கு முதல் மாத்தளையில், பெருமரங்களின் நிழலில்,
தண்டிலேயே ஒட்டிக் காய்க்கிற காய்.
அதற்கும் முதல் கடலுக்கு அங்காலை ஒரு காடு,
கொட்டையை அரைத்து மிளகாய் போட்டுக் குடித்த சனம்.
"மிளகாயோ!" அவள் நிமிர்ந்தாள்.
பிறகு கப்பல் வந்தது.
கரும்பு வெட்டக் காலில் விலங்கோடு ஆட்கள் வந்தார்கள்.
கசப்பைச் சீனி மூடியது.
"அப்ப அதுக்கும் ஆரோ கட்டியிருக்கினம்,"
என்றாள் மெல்ல. "எங்களைப்போல."

சுடுதண்ணிக்கு மேல் சட்டி.
சொக்லேட்டும் பட்டரும் ஒன்றையொன்று நம்பி உருகும்வரை
கிளறாமல் நிற்கவேணும்; அதுதான் கஷ்டம்.
ஐந்து முட்டை, நுரைக்க விடாமல்.
சீனி குறைத்து, கோப்பித் தெளிவு ஒரு கோப்பை.
மா மூன்று கரண்டி, பேருக்கு.
கலவை கரண்டியிலிருந்து விழவில்லை,
வவுனிக்குளத்துத் தண்ணி பாய்ந்த வயலில்
உழவு மெசின் சில்லு கழற்றுகிற சேறுபோல
யோசித்து இறங்கியது.

அவனுக்குள் வைத்தேன்.
அவனும் லீசிங்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

நாற்பதாவது நிமிடம் கரண்ட் போனது.
கதவைத் திறக்காதே, திறக்காதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டு நின்றேன்.
இருட்டில் வாசம் மட்டும் வேலை செய்தது.
ஈர்க்கு குத்தினால் ஈரப் பருக்கை ஒட்டியது: சரி.
நடு தாழ்ந்து, மேல் வெடித்து,
ஆவணி மாதக் குளத்தடி.
வேறு ஆளென்றால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.
அவள் தூக்கிப் பார்த்தாள்.
"பாரம்," என்றாள். சிரித்தாள்.

வெடிப்புக்கு மேல் எழுத்து ஓடவில்லை.
கடன் என்ற சொல் உள்ளே விழுந்துவிட்டது.
முடிஞ்சுது மட்டும் வெள்ளையாய் நின்றது.

ஐந்தாய் வெட்டினாளாம்.
அவளுக்காகக் கையெழுத்து வைத்த நாலு பெண்களுக்கு நாலு.
ஐந்தாவது வசூலுக்கு வாற பொடியன் கஜவதனனுக்கு.
தனக்கு, கத்தியில் ஒட்டியது.

வியாழக்கிழமை அவன் என் படலையில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினான்.
பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்தான்.
என் பெயர் இருந்த தாளின் ஓரத்தில்
பெருவிரல் அளவில் ஒரு மண்ணிறக் கறை.
அவன் அதைப் பார்த்தான். நானும்.
எண்ணிக் குடுத்தேன்.
இன்னும் முப்பத்தொன்று.