உறையில் வரும் கைகள்

முதலில் கை வரும்.
துப்பாக்கி பிறகுதான். சில சமயம் வருவதே இல்லை.

உள்ளங்கையைத் தாளில் விரித்து வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள் என்று
நான் எல்லோரிடமும் கேட்பதால்
மொன்டானாவின் இந்த வடக்கு மூலைக்கு,
ஹேவர் தபால் நிலையத்துக்கு,
வாரம் ஏழெட்டுக் கைகள் வந்து சேர்கின்றன
மடித்து, தலை ஒட்டி.

பார்த்தாலே தெரியும்.
மோதிர விரலில் கோடு புடைத்திருந்தால் கல்யாணம் ஆனவர்.
சுண்டுவிரலைச் சுற்றும்போது பென்சில் தடுமாறியிருந்தால்
குடிப்பவர், அல்லது கூச்சக்காரர்.
ஸ்போக்கேனில் ஒருவர்
தன் கையை ஒரு சுற்று பெரிதாகவே வரைந்துவிட்டார்.
வரைந்தபடியே பிடி செய்தேன்.
திரும்பி வந்தது.

பிறகு மரம் சொல்வார்கள்.
வால்நட், மேப்பிள் கணு, பாலைவன இரும்புமரம்.
கொக்கோபோலோ என்றால் கூடுதல் காசு,
அதன் தூள் பட்டால் முழங்கைவரை எனக்குத் தடித்துவிடும்.
முத்துச்சிப்பியைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் அறுக்க வேண்டும்.
அவ்வளவு அழகான வெண்மை, நெஞ்சுக்குள் போனால் இறங்காது.

பிறகு உருவம்.
ரோஜா. மண்டையோடு. கழுகு, கழுகு, கழுகு.
ஒரு பல் மருத்துவர் தன் நாயின் முகம் கேட்டார்.
இன்னொருவர் தன் விவாகரத்துத் தேதி.
ஏன் என்று கேட்பதில்லை நான்.
கேட்காமல் இருப்பதும் கூலியில் சேர்த்திதான்.

நவம்பரில் ஒரு சின்னக் கை வந்தது.
கட்டைவிரல், ஆள்காட்டி, கடைசியில் சுண்டுவிரல்.
நடுவில் இருக்க வேண்டிய இரண்டுக்கும்
பென்சில் சிறு மேடாக இரண்டு முறை எழும்பிக் கடந்திருந்தது.
ஏதோ குழந்தை விளையாடியிருக்கிறது என்று
தாளை ஒதுக்கிப் போட்டேன்.
மூன்று நாள் கழித்துத்தான் பின்பக்கம் கண்ணில் பட்டது.

"வைக்கோல் கட்டும் இயந்திரம், தொண்ணூற்றெட்டில்.
இடது கையால் பழகிப் பார்த்தேன், வரவில்லை.
படம் எதுவும் வேண்டாம். பளபளப்பு வேண்டாம்.
போன குளிரில் எங்கள் பெண்குதிரை
பனிக்கட்டியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டது.
மருத்துவர் வர நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள்.
முதல் குண்டில் பிடி நழுவிவிட்டது.
இரண்டாவதும் தேவைப்பட்டது.
இரண்டுக்கும் நடுவில் அது என்னைப் பார்த்தது.
இன்னும் இரண்டு குதிரைகள் இருக்கின்றன.
இரண்டுக்கும் வயது இருபதுக்கு மேல்.
ஆர்டித் ஸ்லெட்டன்."

மெழுகு உருண்டை ஒன்று அனுப்பினேன்,
இறுகப் பிடித்துத் திருப்பி அனுப்பச் சொல்லி.
வந்த மெழுகில் மூன்று பள்ளங்கள்.
இல்லாத விரல்களும் அதில் இருந்தன,
பள்ளம் விழாத இடமாக.
அந்த இடத்தில் மரத்தைச் சீவாமல் விட்டேன்.
அவள் கை போய் முட்டி நிற்க
அங்கே ஏதாவது இருக்கட்டும்.

வால்நட். வெறும் எண்ணெய்.
அங்குலத்துக்குப் பதினெட்டுக் கோடு
குறுக்காகவும் நெடுக்காகவும்,
ஈரக் கையிலும் கடிக்கும் சொரசொரப்பு.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
இடப்பக்கப் பலகையில்
ஒரு குதிரைத் தலையைப் பென்சிலால் போட்டுவிட்டேன்.
பழகிய கை, கேட்காமலே போய்விட்டது.
நன்றாகவும் வந்திருந்தது, பிடரி மயிர் காற்றில் எழ.
ஒரு பகல் முழுக்க மேசையில் கிடந்து
அது என்னைப் பார்த்தது.
ராத்திரி எழுந்து போய்
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன்.

மார்ச்சில் ஓர் அட்டை:
"பொருந்துகிறது. இன்னும் எடுக்கவில்லை."

இன்று டல்சாவிலிருந்து ஒரு பெருங்கை.
இரு பக்கமும் பகடைக்காய் வேண்டுமாம்,
புள்ளிகள் முத்துச்சிப்பியில்.
தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறேன்.
ஏப்ரல் பிறந்து ஒரு வாரம் ஆகிறது.
கொட்டகைக்குப் போகும் வழியெல்லாம்
இன்னும் பனிக்கட்டி.